டப்பாவில் துரு: வெள்ளீயப் பூச்சைக் கூட்டினால் நின்றுவிடுமா?

கேள்வியைச் சுருக்கமாக இங்கே வைத்துக்கொள்கிறேன். வெல்டிங் முறையில் உணவு டப்பா செய்கிறீர்கள். தகடு 0.20 மி.மீ.; வெள்ளீயப் பூச்சு இரண்டு பக்கமும் சதுர மீட்டருக்கு 2.8 கிராம், உள்பக்கம் லாக்கர் (உணவு உலோகத்தைத் தொடாமல் காக்கும் பிசின் பூச்சு). பட்டாணி, பீன்ஸ் அடைத்த டப்பாக்களைத் திறந்தால் உள்ளே கறுப்புத் திட்டுகள். எது அடைத்தாலும் வெளியே வெல்டிங் கோட்டை ஒட்டித் துருப் புள்ளிகள், அதுவும் கிடங்கில் சில மாதங்களிலேயே. பூச்சை 5.6 ஆக உயர்த்தலாமா, அல்லது எஃகையே வேறு விதமாகப் பதப்படுத்தி வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

5.6க்கு மாறினால் தகட்டு விலைதான் ஏறும். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறும் அநேகமாக அப்படியே இருக்கும். ஒன்று கந்தகத்தால் வருவது, மற்றொன்று வெல்டிங்கில் பூச்சே போய்விட்ட இடத்தில் வருவது. இரண்டுக்கும் பூச்சின் கனத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஏன் என்று புரிய, அந்தத் தகட்டில் என்னென்ன இருக்கிறது, ஒவ்வொன்றும் எதற்காக அங்கே வந்தது என்று பார்த்துவிடலாம்.

0.20 மி.மீ. என்றால் 200 மைக்ரான். அதில் ஏறக்குறைய முழுவதும் கரிமம் குறைந்த மென்னெஃகுதான். அதன் மேல் இரும்பும் வெள்ளீயமும் சேர்ந்து உண்டான மெல்லிய கலவை அடுக்கு. அதற்கு மேல் தனி வெள்ளீயம். சதுர மீட்டருக்கு 2.8 கிராம் என்பது கணக்குப் போட்டால் 0.4 மைக்ரானுக்கும் கீழே. 11.2 கிராம் போட்டால்கூட ஒன்றரை மைக்ரான்தான். வெள்ளீயத்தின் மேல் சில மில்லிகிராம் அளவில் குரோமியம் சேர்ந்த செயலறு படலம். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணுக்கே தெரியாத எண்ணெய்ப் படலம். அதுவும் சதுர மீட்டருக்குச் சில மில்லிகிராம்தான். இத்தனை மெல்லிய பூச்சில் ஊசித்துளை இல்லாமல் இருக்காது. பூச்சைக் கூட்டினால் துளைகள் குறையும், அறவே போகாது. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

துளைகளின் எண்ணிக்கையில் பாதி, வெள்ளீயத் தொட்டிக்குள் போகும் முன்பே முடிவாகிவிடுகிறது. சூடாக உருட்டிய 2 மி.மீ. அளவிலான சுருளை அமிலத்தில் ஓட்டி மேல்செதிலை நீக்குவார்கள். பிறகு குளிர் உருட்டலில் ஒரே மூச்சாகப் பத்தில் ஒரு பங்குக் கனத்துக்கு இறக்குவார்கள். அப்போது தகட்டில் ஒட்டும் உருட்டல் எண்ணெயை மின்சாரம் செலுத்திய காரக் கரைசலில் கழுவுவார்கள். இந்தக் கழுவல் சரியாக இல்லாவிட்டால், அடுத்து வரும் அனீலிங் உலையில் (உருட்டலில் இறுகிய எஃகைச் சூடாக்கி மென்மையாக்கும் உலை) மிச்ச எண்ணெய் கரியாகிப் பரப்பில் படிந்துவிடும். கரி படிந்த இடத்தில் வெள்ளீயம் ஒழுங்காக ஒட்டாது. அங்கே ஒரு துளை. பரப்பு சொரசொரப்பாக இருந்தாலும் அப்படித்தான். அச்சு அழகுக்காக மங்கல் பரப்பு கேட்டு வாங்கும் சிலர், அதே பூச்சுக் கனத்தில் பளபளப்புத் தகட்டைவிட அதிகத் துளைகளையும் சேர்த்து வாங்குகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அனீலிங்கில் இரண்டு வகை. சுருளை மூடிக்குள் வைத்து நைட்ரஜன், ஹைட்ரஜன் கலந்த வாயுவில் 600 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வைப்பது ஒன்று. தகட்டை உலை வழியே தொடர்ந்து ஓட்டி ஓரிரு நிமிடத்தில் முடிப்பது மற்றொன்று. முதலாவது மென்மையான, ஆழமாக இழுக்க உதவும் தகட்டைத் தரும். இரண்டாவது சற்றே விறைப்பான, சுருள் முழுக்க ஒரே சீரான தகட்டைத் தரும். அதன்பின் ஓரிரு சதவீதம் மட்டும் லேசாக உருட்டுவார்கள். இந்த லேசான உருட்டல் இல்லாத தகட்டை வளைத்தால் பரப்பில் கோடு கோடாக மடிப்பு விழும். உருளைக்குப் பதில் பல பட்டைகள் கொண்ட டப்பா கிடைக்கும். அனீலிங்குக்குப் பிறகு மறுபடி கனமாக உருட்டி விறைப்பாக்கியதுதான் டிஆர் தகடு. மெல்லியதாக இருந்தும் வலுவாக இருக்கும், ஆனால் ஒரு திசையில் எளிதில் விரிசல் விடும். விளிம்பு மடிக்கும்போது வெடித்தால் தகட்டின் உருட்டல் திசையைத்தான் முதலில் பாருங்கள். உடல் தகடு எந்தத் திசையில் வெட்டப்பட்டது என்பதைக் கவனிக்காமல், மூடியை உடலோடு மடித்துப் பூட்டும் சீமிங் எந்திரத்தைத் திருகிக்கொண்டே இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எஃகின் உட்பொருளும் முக்கியம்தான், எல்லாருக்கும் அல்ல. எம்ஆர் என்ற வகை பொதுப் பயன்பாட்டுக்கு. எல் என்ற வகையில் செம்பு, பாஸ்பரஸ் போன்ற கலப்புகள் இன்னும் குறைவு. கடும் அமிலப் பழங்களுக்கு அதைக் கேட்பார்கள். டி வகை அலுமினியத்தால் ஆக்சிஜன் நீக்கியது, ஆழ இழுப்புக்கு. நீங்கள் அடைப்பது பட்டாணி, பீன்ஸ் என்றால் எம்ஆர் போதும்.

இனி வெள்ளீயம். பழைய காலத்தில் தகட்டை உருகிய வெள்ளீயத்தில் முக்கி எடுத்தார்கள். 1810இல் பீட்டர் டூராண்ட் இங்கிலாந்தில் டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கியபோது இருந்தது அந்தத் தகடுதான். பூச்சு தடிமன், ஏற்ற இறக்கம் அதிகம், இரு பக்கமும் ஒரே அளவுதான் போட முடியும். மின்முலாம் 1930களில் தொழிற்சாலைக்கு வந்தது. 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போய் வெள்ளீய வரத்து அடைபட்டதும், குறைந்த வெள்ளீயத்தில் டப்பா செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதை ஓடவிட்டது. இன்று ஒரு பக்கம் 2.8, மறு பக்கம் 8.4 என்று தனித்தனியாகப் போட முடிவது மின்முலாமால்தான். அப்படி இரு பக்கமும் வேறு வேறு பூச்சு உள்ள தகட்டில் ஒரு பக்கம் மெல்லிய இணைகோடுகள் இட்டிருப்பார்கள். எந்தப் பக்கம் கோடு என்று கொள்முதல் சீட்டில் எழுதாமல் விட்டால், கனமான பக்கம் வெளியேயும் மெல்லிய பக்கம் உள்ளேயும் போய்ச் சேரும்.

மின்தொட்டியை விட்டு வரும் தகடு பளபளக்காது. மங்கலான வெண்மையில் இருக்கும். அதை மின்சாரத்தால் சூடாக்கி, வெள்ளீயத்தின் உருகுநிலையான 232 டிகிரியைக் கொஞ்சம் தாண்டவிட்டு, உடனே தண்ணீரில் இறக்குவார்கள். ஒரு கணத்தில் மங்கல் போய்க் கண்ணாடி போல ஆகும். இது அழகுக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையான பலன் கீழே நடக்கிறது. உருகிய வெள்ளீயமும் எஃகும் சேரும் எல்லையில்தான் அந்தக் கலவை அடுக்கு உருவாகிறது. அது அடர்த்தியாக, இடைவெளி இல்லாமல் படர்ந்திருந்தால், மேலே வெள்ளீயம் கரைந்துபோன பிறகும் எஃகு எளிதில் வெளியே தெரியாது. அமிலப் பழ டப்பாவின் ஆயுளைத் தீர்மானிப்பதில் இந்த அடுக்குக்குப் பெரிய பங்கு. இதைச் சோதிக்கும் முறையும் வேடிக்கையானது: மேலிருக்கும் தனி வெள்ளீயத்தை நீக்கிவிட்டு, கலவை அடுக்கு வெளியே தெரியும் தகட்டுத் துண்டையும் தூய வெள்ளீயத் துண்டையும் ஆக்சிஜன் நீக்கிய கிரேப்ஃப்ரூட் சாற்றில் 20 மணி நேரம் வைத்து, இடையே ஓடும் மின்னோட்டத்தை அளப்பார்கள். ஆய்வகத்தில் எத்தனையோ தூய வேதிப்பொருள்கள் இருக்க, பழச்சாறுதான் அளவுகோல். மின்னோட்டம் குறைவாக இருந்தால் கலவை அடுக்கு நல்லது. கனமான பூச்சுள்ள உயர்தரத் தகட்டுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.12 மைக்ரோ ஆம்பியர் உச்சவரம்பு.

ஆனால் கலவை அடுக்கு வளர்வது தனி வெள்ளீயத்தைத் தின்றுதான். உருக்கும்போது மட்டுமல்ல, லாக்கரும் அச்சும் போட்டு அடுப்பில் 200 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வாட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். உள்லாக்கர், வெளிப்பூச்சு, இரண்டு மூன்று வண்ணம் என்று ஐந்து முறை அடுப்பில் போய் வந்தால், மெல்லிய பூச்சுத் தகட்டில் தனி வெள்ளீயம் கணிசமாகக் குறைந்திருக்கும். வெல்டிங்குக்குத் தேவைப்படுவது அந்தத் தனி வெள்ளீயம்தான். 'அதே தகடு, போன மாதம் நன்றாக வெல்டிங் ஆனது, இந்த மாதம் பொறி பறக்கிறது' என்றால் புதிய அச்சு வடிவமைப்பில் அடுப்புச் சுற்று கூடியிருக்கிறதா என்று பாருங்கள். அடுப்பு 232 டிகிரியைத் தொடக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அடுத்தது செயலறு படலம். வழக்கமான முறையில் தகட்டை எதிர்மின்வாயாக வைத்து சோடியம் டைகுரோமேட் கரைசலில் மின்சாரம் செலுத்துவார்கள். 311 என்ற எண்ணால் தொழிலில் குறிப்பது இதைத்தான். மின்சாரம் இல்லாமல் வெறுமனே முக்கி எடுத்தால் 300. வெள்ளீயத்தின் மேல் ஆக்சைடு தாறுமாறாக வளர்ந்து அடுப்பில் மஞ்சள் பூப்பதை இந்தப் படலம் தடுக்கும்; கந்தகக் கறையையும் ஓரளவு தடுக்கும். படலம் அதிகமாகிவிட்டால் லாக்கர் சரியாகப் பிடிக்காது. தொட்டியில் இருப்பது நச்சான அறுஇணைதிறன் குரோமியம். தகட்டில் படிவது அதுவல்ல, ஒடுங்கிய வடிவம். இருந்தாலும் தொட்டியில் வேலை செய்பவர்களுக்கும் கழிவுநீருக்கும் ஆபத்து உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பருக்குப் பிறகு சிறப்பு அனுமதி இல்லாமல் இதைப் பயன்படுத்தக்கூடாது என்றாக்கிவிட்டது. அதனால் டைட்டானியம், சிர்கோனியம் சேர்மங்களைக் கொண்ட குரோமியமில்லாப் படலங்கள் வந்துவிட்டன. அப்படிப்பட்ட தகடு உங்களுக்கு வந்தால், பழைய லாக்கரை அப்படியே ஓட்டிவிடாமல் ஒட்டுதலையும் கந்தகக் கறையையும் மறுபடி சோதித்துப் பாருங்கள். பழைய படலத்தில் பாஸான லாக்கர் இதிலும் பாஸாகும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இவ்வளவும் தகடு உங்கள் கைக்கு வரும் வரை நடந்தவை. இப்போது முக்கியமான இடம். வெள்ளீயம் எஃகைக் காப்பாற்றுகிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். டப்பாவுக்கு வெளியே அது காப்பாற்றுவதில்லை. துளையில்லாத இடத்தை மூடி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இரும்பின் நியம மின்னழுத்தம் −0.44 வோல்ட், வெள்ளீயத்துடையது −0.14. ஈரக்காற்றில் இரண்டும் சேர்ந்திருந்தால் இரும்புதான் கரையும், வெள்ளீயம் வேடிக்கை பார்க்கும். பெரிய வெள்ளீயப் பரப்பு முழுக்க ஆக்சிஜன் வினைபுரிய, அதற்கான இரும்பு மொத்தமும் அந்த ஊசித்துளையிலிருந்தே போகும். துத்தநாகம் பூசிய தகட்டைக் கீறிவிட்டால் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். வெள்ளீயத் தகட்டின் வெளிப்பக்கத்தைக் கீறினால் அந்தக் கீறலிலேயே துரு வேகமாகும்.

அதே தகடு டப்பாவுக்குள், காற்று நீக்கி மூடிய அமிலப் பழச்சாற்றில், தலைகீழாக நடந்துகொள்கிறது. சிட்ரிக், ஆக்சாலிக் போன்ற அமிலங்கள் கரைந்த வெள்ளீய அயனிகளைப் பிடித்துக் கட்டிவைத்துவிடுகின்றன. கரைசலில் தனி வெள்ளீய அயனி ஏறக்குறைய இல்லாமல் போவதால், வெள்ளீயத்தின் மின்னழுத்தம் இரும்புடையதற்கும் கீழே இறங்கிவிடுகிறது. இப்போது கரைவது வெள்ளீயம், காக்கப்படுவது துளையில் தெரியும் எஃகு. வெள்ளீயப் பரப்பில் ஹைட்ரஜன் எளிதில் வெளிவராது என்பதால் இந்தக் கரைதல் மிக மெதுவாக நடக்கும், ஆண்டுக்கணக்கில் தாங்கும். லாக்கர் இல்லாத டப்பாவில் அன்னாசி, பேரி, பீச் போன்ற வெளிர் நிறப் பழங்கள் நிறம் மாறாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம்: நிறத்தைக் கெடுக்க வேண்டிய மிச்ச ஆக்சிஜனை வெள்ளீயம் எடுத்துக்கொள்கிறது. அங்கே பூச்சைக் கூட்டுவதற்கு அர்த்தம் உண்டு. செலவழியப்போகும் பொருள் அது, அதிகம் இருந்தால் அதிக நாள் ஓடும். 8.4, 11.2 என்று உட்பக்கத்துக்குப் போடுவது இந்த டப்பாக்களுக்குத்தான்.

வெள்ளீயம் உணவுக்குள் போகிறதே என்றால், ஆம், போகிறது. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பு டப்பா உணவில் கிலோவுக்கு 250 மி.கி., டப்பா பானத்தில் 150. ஒழுங்காக அடைத்த டப்பா இதற்குள் நிற்கும். மீறவைப்பவை இரண்டு. மூடும்போது உள்ளே தங்கிய காற்று ஒன்று. முதல் சில நாட்களிலேயே வெள்ளீயத்தை விழுங்கும். மற்றொன்று நைட்ரேட். உரம் மிகுந்த நிலத்தில் விளைந்த தக்காளி, பச்சை பீன்ஸ் போன்றவற்றிலோ நிரப்பும் தண்ணீரிலோ நைட்ரேட் அதிகம் இருந்தால், சில மாதங்களிலேயே உள்பரப்பு முழுக்க வெள்ளீயம் உரிந்து சாம்பல் நிறத்தில் நிற்கும். அப்போது எவ்வளவு கனமான பூச்சும் தோற்கும். தகட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்.

வெள்ளீயம் தீர்ந்து எஃகு பரவலாக வெளியே தெரிந்ததும் ஹைட்ரஜன் வேகமாக உண்டாகி டப்பா உப்பும். கிருமியால் உப்பியதா ஹைட்ரஜனால் உப்பியதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. உப்பிய டப்பாவை யாரும் சாப்பிடக்கூடாது, விவாதமே வேண்டாம்.

லாக்கர் பூசினால் மேற்சொன்ன கணக்கு எல்லாம் மாறுகிறது. பெர்ரி போன்ற அடர்நிறப் பழங்களை வெறும் வெள்ளீயத்தில் வைத்தால் நிறம் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ போகும், எனவே அவற்றுக்கு லாக்கர் கட்டாயம். ஆனால் லாக்கர் போட்ட டப்பாவில், காக்க வேண்டிய வெள்ளீயம் லாக்கருக்கு அடியில் மாட்டிக்கொண்டுவிடுகிறது. லாக்கரில் ஒரு கீறல் விழுந்து எஃகு வரை போனால், பரப்பு முழுக்கப் பரவ வேண்டிய அரிப்பு அந்த ஒரு கோட்டில் குவியும். பரவலாகக் கரைந்தால் பல மாதம் தாங்கும் டப்பா, ஒரே இடத்தில் குழிந்து ஓட்டை விழும். அமிலப் பொருளுக்கு அரைகுறை லாக்கரைவிட லாக்கரே இல்லாமல் இருப்பது மேல் என்பது என் கருத்து. பழ டப்பாக்காரர்கள் பலர் இதை ஒத்துக்கொள்வார்கள்.

லாக்கரிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. பல பத்தாண்டுகளாக எல்லாவற்றுக்கும் ஓடியது எப்பாக்சி-பீனாலிக். ஒட்டுதலிலும் அமிலத் தாங்கலிலும் அதற்கு ஈடு கிடைப்பது கடினம். அதில் உள்ள பிஸ்பீனால்-ஏ காரணமாக, உணவு தொடும் பொருள்களில் அதை ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் தடை செய்தது, மாறிக்கொள்ளக் கால அவகாசத்துடன். பாலியெஸ்டர், அக்ரிலிக் வகைகள் அந்த இடத்துக்கு வருகின்றன. ஏற்றுமதி செய்பவருக்கு டப்பா கொடுத்தால் இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். லாக்கர் மாறினால் பழைய சேமிப்புச் சோதனைகள் எல்லாம் செல்லாது, மறுபடி முதலிலிருந்து.

இனி உங்கள் கறுப்புத் திட்டு. பட்டாணி, பீன்ஸ், மீன், இறைச்சி இவற்றின் புரதத்தில் கந்தகம் உண்டு. 120 டிகிரி அளவில் ரிடார்ட்டில் (அடைத்த டப்பாவை அழுத்தத்தில் வேகவைக்கும் கலன்) வேகும்போது சல்பைடு வெளியேறி உலோகத்தோடு சேரும். வெள்ளீயத்தோடு சேர்ந்தால் பழுப்பும் ஊதாவும் கலந்த, தேய்த்தாலும் போகாத கறை. இரும்போடு சேர்ந்தால் கன்னங்கரேலென்ற திட்டு, பெரும்பாலும் தேய்த்தால் கையில் வரும், உணவிலும் ஒட்டும். இரண்டும் இந்த அளவில் உடலுக்குக் கெடுதி அல்ல, ஆனால் பார்த்தவர் அந்த டப்பாவை வாங்கமாட்டார். நீங்கள் 'கறுப்பு' என்று எழுதியிருப்பதால், எஃகு எங்கோ வெளியே தெரிகிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். எங்கே என்று கண்டுபிடிக்க, நிரப்பாத டப்பா ஒன்றில் அமிலம் சேர்த்த மயில்துத்தக் (செம்பு சல்பேட்) கரைசலை ஊற்றிச் சில நிமிடம் கழித்துக் கொட்டிப் பாருங்கள். லாக்கர் விட்டுப்போன இடங்களில் செம்பு சிவப்பாகப் படிந்திருக்கும். வெல்டிங் கோட்டில் வரிசையாகச் சிவப்பு என்றால், அந்தக் கோட்டின் மேல் உள்ளே பட்டையாகப் பூசும் உள்பட்டை லாக்கர் போதவில்லை. உடலைச் சுற்றி வளையம் வளையமாகச் சிவப்பு என்றால் வரிப்பள்ளம் போடும் உருளை லாக்கரை உடைக்கிறது. தாறுமாறாகக் கோடுகள் என்றால் கன்வேயரிலோ அடுக்கிலோ உரசல். இந்த ஒரு சோதனைக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை, ஆனால் மாதக்கணக்கான ஊகத்தை மிச்சப்படுத்தும்.

சிவப்பு எங்குமே தெரியாமல் கறை மட்டும் வந்தால், அது லாக்கருக்கு அடியில் புகும் சல்பைடு. அதற்கு துத்தநாக ஆக்சைடு கலந்த லாக்கர் இருக்கிறது. சல்பைடைத் துத்தநாகம் பிடித்துக்கொள்ளும். உண்டாகும் துத்தநாக சல்பைடு வெள்ளை நிறம் என்பதால் கண்ணில் படாது. அந்த லாக்கரில் தக்காளி, பழம் எதையும் அடைத்துவிடாதீர்கள், அமிலம் துத்தநாக ஆக்சைடைக் கரைத்துவிடும்.

வெளித்துருவுக்கு வருவோம். வெல்டிங் எந்திரத்தில் தகட்டின் இரு விளிம்பும் அரை மி.மீ. அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஓடும் செம்புக் கம்பிகளுக்கிடையே அழுந்தி ஒட்டுகின்றன. கம்பி ஓடிக்கொண்டே இருப்பதற்குக் காரணமே, உருகும் வெள்ளீயம் அதில் ஒட்டி அதைக் கெடுத்துவிடும் என்பதுதான். அதாவது அந்தக் கோட்டில் இருந்த வெள்ளீயத்தில் பெரும்பங்கு கம்பியோடு போய்விடுகிறது, மிச்சம் கலவையாகிவிடுகிறது. 2.8 போட்டிருந்தாலும் 5.6 போட்டிருந்தாலும் வெல்டிங் கோடு கிட்டத்தட்ட வெறும் இரும்பு. மேலே சொன்ன கணக்குப்படி, வெளிக்காற்றில் பக்கத்து வெள்ளீயம் அதற்கு உதவாது, உபத்திரவம்தான் செய்யும். அந்தக் கோட்டுக்கு ஒரே காவல் வெளிப்பட்டை லாக்கர். உள்பட்டைக்கு எல்லாரும் தூள்பூச்சு, சோதனை என்று மெனக்கெடுகிறார்கள். வெளிப்பட்டை என்றால் நீர்த்த லாக்கரை ஓர் இழுப்பு. அதன் கனத்தையும், அது வாடும் வெப்பத்தையும், கோட்டின் இருபுறமும் எத்தனை மி.மீ. மூடுகிறது என்பதையும் பாருங்கள். வெல்டிங் கோடு நீலமோ கறுப்போ பாய்ந்திருந்தால் அது ஆக்சைடு. ஆக்சைடின் மேல் எந்த லாக்கரும் நெடுநாள் நிற்காது. வெப்பத்தைக் குறைப்பதும், வெல்டிங் இடத்தில் காற்றை விலக்கும் நைட்ரஜன் ஓட்டத்தைச் சரிபார்ப்பதும் அதற்கு மருந்து.

டப்பாவை அடைப்பவர் பக்கமும் விசாரியுங்கள். ரிடார்ட்டிலிருந்து குளிர்விக்கும்போது டப்பா 40 டிகிரி அளவில் இருக்கையிலேயே தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும். அந்த மிச்சச் சூடுதான் மேலே உள்ள நீரை உலர்த்தும். முழுக்கக் குளிர்ந்து ஈரத்தோடு அட்டைப்பெட்டிக்குள் போன டப்பா துருப்பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். குளிர்விக்கும் நீரில் குளோரைடு உப்பு அதிகம் என்றால் இன்னும் மோசம். கிடங்கில் பனிநீர் கோப்பதும் அப்படியே: காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். இரவில் குளிர்ந்த டப்பா அடுக்கின் மேல் காலையில் கதவைத் திறந்துவிட்டு ஈரக்காற்றை உள்ளே அழைப்பது, டப்பாவைத் தண்ணீரில் நனைப்பதற்குச் சமம்.

வேறு விதமாகப் பதப்படுத்திய எஃகு என்று கேட்டீர்களே, வெள்ளீயமே இல்லாத குரோமியத் தகடு ஒன்று உண்டு, டிஎஃப்எஸ் என்பார்கள். 1960களில் ஜப்பானில் வளர்ந்தது. சதுர மீட்டருக்கு 100 மி.கி. அளவில் உலோகக் குரோமியம், அதன் மேல் குரோமியம் ஆக்சைடு. மொத்தமும் ஒரு மைக்ரானில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் போகாது. லாக்கர் அதில் பிடிப்பது போல வேறெதிலும் பிடிக்காது, கந்தகக் கறை வராது, வெள்ளீய விலை ஏறினாலும் கவலையில்லை. உங்கள் பட்டாணி டப்பாவின் மூடிக்கு இதைத் தாராளமாகப் போடலாம். உடலுக்கு வேண்டாம். ஆக்சைடு மின்சாரத்தைத் தடுப்பதால் விளிம்பைச் சுரண்டாமல் வெல்டிங் ஆகாது. கீறல் விழுந்தால் தன்னைக் கொடுத்துக் காக்கவும் அதில் ஒன்றும் இல்லை. இரு பக்கமும் லாக்கர் இல்லாமல் அதைப் பயன்படுத்தவே கூடாது. இழுத்துச் செய்யும் மீன் டப்பாக்கள், மூடிகள், கண்ணாடிக் குப்பியின் கிரவுன் மூடி, இவைதான் அதன் இடம்.

பூச்சில்லாத வெறும் தகட்டை வாங்கி நீங்களே பாஸ்பேட் போடுவது பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். எண்ணெய் சார்ந்த பெயின்ட், கிரீஸ் வாளிகளுக்கு அது நல்ல வழி. பாஸ்பேட் படிகங்கள் மேலே வரும் பெயின்டுக்குப் பிடிமானம் தரும். தனியாக நின்று துருவைத் தடுக்கும் சக்தி அதற்குக் கிடையாது. உணவு டப்பாவுக்கு யோசிக்கவே வேண்டாம். தண்ணீர் சார்ந்த பெயின்டுக்கும் உள்லாக்கர் இல்லாமல் முடியாது. நிரப்பிய மட்டத்துக்கு மேலே ஈரமும் காற்றும் இருக்கும் இடத்தில்தான் முதல் துரு கிளம்பும்.

ஆகவே அடுத்த கொள்முதலில் 2.8ஐயே வைத்துக்கொள்ளலாம். சீட்டில் கேட்க வேண்டியவை வேறு: எஃகு எம்ஆர், அனீலிங் வகையும் விறைப்பு எண்ணும், செயலறு படலம் 311ஆ குரோமியமில்லாததா, எண்ணெயின் பெயரும் அளவும், பரப்பு முடிப்பு, உருட்டல் திசை. எண்ணெய் கூடினால் லாக்கர் கண் கண்ணாக விலகும் என்பதால் அளவைக் கேட்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஒவ்வொரு வரவிலும் ஒரு காகிதத் தாளைப் பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலில் நனைத்துத் தகட்டின் மேல் படியவையுங்கள். துளை இருக்கும் இடத்தில் நீலப்புள்ளி தெரியும். அந்தத் தாள்களைத் தேதியிட்டு வைத்துக்கொண்டால், எந்த வரவில் புள்ளி கூடியது என்று கையில் ஆதாரத்தோடு பேசலாம்.

வந்த கட்டை அன்றே பிரிக்காதீர்கள். குளிர்ந்த லாரியிலிருந்து இறங்கிய தகட்டுக் கட்டு பல மணி நேரம் உள்ளே குளிர்ந்தே இருக்கும். துருத்தடுப்புத் தாளைக் கிழித்த மறுகணம் தகடுகளுக்கிடையே நீர் கோத்துவிடும், தகடு டப்பாவாகும் முன்பே கறை பிடித்துவிடும். கிடங்கு வெப்பத்துக்கு அது வரும் வரை, முடிந்தால் ஒரு முழு நாள், உறையோடு நிற்கட்டும்.